முப்பிடாதி முட்டையை மறைக்கிறாள்

பெர்ஜுரி என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது. சும்மா சொல்கிற பொய்க்கு ஒரு வார்த்தை, சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிற பொய்க்கு இன்னொரு வார்த்தை. இப்படிப் பொய்யைக்கூட ரகம் பிரித்து வைக்கிற அளவுக்கு வெள்ளைக்காரனுக்கு நேரம் இருந்திருக்கிறது என்று சந்தனமாரிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வார்த்தைப் பட்டியல் இருந்த ஜெராக்ஸ் தாளை மடித்து மடியில் வைத்தாள். மறுபடி பிரித்தாள். விடுதி வார்டன் ரத்னாபாய் மேடத்தின் அறைக்கு வெளியே கிடந்த மரப்பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுச் சாம்பார் வாடைகூட அடங்கிப் போய்விட்டது, இன்னும் கூப்பிடவில்லை. கடைசிப் பீரியடில் ஆங்கில வார்த்தைப் பரீட்சை இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து, மைதானத்தைக் குறுக்கே தாண்டி ஓடி, அந்தப் பரீட்சையை எழுத வேண்டும். எழுத மண்டையில் ஏதாவது இருக்க வேண்டும். காண்டெம்ப்ட், டெனௌன்ஸ், பெர்ஜுரி. டெனௌன்ஸ் என்றால் என்ன? இப்போதுதானே பார்த்தாள்? எல்லார் முன்னாலும் ஒருத்தரைக் குற்றவாளி என்று சொல்வது. சொல்வதா, காட்டிக்கொடுப்பதா? இரண்டும் ஒன்றா? பாடமாக வைத்திருப்பது ஒரு பழைய ஆங்கில நாடகம். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குளிர் ஊர். அங்கே சின்னப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு இவள் சூனியக்காரி, அவள் சூனியக்காரி என்று ஒவ்வொருத்தியாகக் கைகாட்ட, ஊர்ப் பெரிய மனிதர்கள் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொம்ப ஒழுங்காக விசாரித்து, ஒழுங்காகத் தூக்கில் போடுகிறார்கள். முதல் தடவை வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்கள் இதையெல்லாமா நம்புவார்கள், அதற்கா இத்தனை கடினமான வார்த்தைகள் என்று சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை, வார்த்தையும் வரவில்லை.

வார்த்தைகளை மனசில் ஏற்றுவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவளுக்கு இங்கிலீஷ் என்பது கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற விஷயம். பசு மாட்டைப் பற்றிய கட்டுரையைப் பசு மாடு என்று தெரியாமலே ஒப்பித்து மார்க் வாங்கியிருக்கிறாள். கல்லூரிக்கு வந்த பிறகு அது செல்லவில்லை. அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் தெரிந்த ஆள் ஒருவர் மேல் மாட்டிவிடுவாள், ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி. காண்டெம்ப்ட், அதாவது இளக்காரம் என்றால், தட்டில் சோறு மிச்சம் வைத்தவளை ரத்னாபாய் மேடம் பார்க்கிற பார்வை. வென்ஜென்ஸ், அதாவது பழிவாங்குவது என்றால், தன் வாளியை எடுத்துக் குளித்தவளின் புது சோப்பை அறைத்தோழி ஜெபசெல்வி தண்ணீரில் ஊறப்போட்டது. ஹிஸ்டீரியா என்றால், மேல்மாடிக் குளியலறையில் மரநாய் வந்த அன்றைக்கு நடந்தது. பார்த்தவள் ஒருத்தி, அலறியது மாடி முழுக்க. இப்படி மாட்டினால் வார்த்தை விழாது. இந்தப் பெர்ஜுரிக்குத்தான் ஆள் அமையவில்லை. அமையாது போலத்தான் இருந்தது, நேற்று வரை. போதாததற்கு ஹேமலதா மிஸ்ஸின் சட்டம் வேறு. நல்ல மிஸ்தான், சிரித்த முகம், காட்டன் சேலை, பிள்ளைகளை அடிமைகள் மாதிரி நடத்தாதவள். "நோட்ஸ்ல இருக்கற சென்டென்ஸ் எனக்கு வேண்டாம். உங்க லைஃப்லேர்ந்து எழுதுங்க. பேர் போட்டு, இடம் போட்டு, கண்ணுல பாக்கற மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் ஐயோ என்று தலையில் கை வைத்தபோது சந்தனமாரிக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். இது நம்ம வழியாச்சே என்று. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் தன்னையே கிள்ளிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அந்த வகுப்பில் வந்தது கன்சீல் என்ற வார்த்தை. மறைப்பது. எதை மறைக்கலாம்? பணத்தை மறைக்கலாம், அதை எல்லாரும் எழுதுவார்கள். கண்ணீரை மறைக்கலாம், அது சினிமா. வேறு எதை மறைக்க முடியும், கைக்கு அடக்கமாக? அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை ராத்திரி விடுதியில் முட்டை. முட்டைக்கு இங்கிலீஷ் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். முட்டையை யார் மறைப்பார்கள்? முட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்கள். அடுப்படியில் இருக்கிற முப்பிடாதி அக்கா. எங்கே மறைப்பாள்? தூக்குச்சட்டியில். சும்மா தூக்குச்சட்டியில் என்றால் கண்ணில் பார்க்கிற மாதிரி இல்லையே, சோற்றுக்கு அடியில். அவ்வளவுதான். முப்பிடாதி தன் தூக்குச்சட்டியில் சோற்றுக்கு அடியில் முட்டைகளை மறைக்கிறாள். இங்கிலீஷில் எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது அது அவள் எழுதின மாதிரியே இல்லை. யாரோ இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எழுதின மாதிரி இருந்தது. எழுதும்போது அவள் மனசில் முட்டையும் இல்லை, முப்பிடாதியும் இல்லை, சத்தியமாக இல்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், இவ்வளவுதான் இருந்தது. மிஸ் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தாள். "லவ்லி! இதுல ஒரு கதையே இருக்கு பாருங்க" என்றாள். இந்தக் கல்லூரிக்கு வந்து இங்கிலீஷுக்காக அவளை யாரும் பாராட்டினது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி, பாவி, அந்த முப்பிடாதி கையாலேயே முட்டைக் குழம்பு வாங்கித் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

வகுப்போடு போயிருந்தால் போயிருக்கும். மிஸ்தான் நல்ல வாக்கியங்களை எல்லாம் கலர் சார்ட்டில் எழுதி, கீழே எழுதினவள் பெயரையும் போட்டு, துறை வாசலில் ஒட்டிவிட்டாள். அந்த மாதம் பார்த்தா முட்டை குறைய வேண்டும்? ஆளுக்கு ஒன்று என்பது அரை முட்டை ஆகி, அரை முட்டை வெறும் குழம்பு ஆகி, பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பக்கம் எதற்கோ வந்த ரத்னாபாய் மேடம் சார்ட்டை வாசித்தார்கள். நின்று இன்னொரு தடவை வாசித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஜெபசெல்வி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, நானும் பாத்தேன்ட்டி. போகும்போது அவ இடுப்பு ஒரு மாதிரி உப்பலா இருந்துச்சு" என்றாள். அடுத்த அறைக்காரி எண்ணெயைப் பார்த்திருக்கிறாள். அதற்கடுத்த அறைக்காரி பருப்பைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி, முப்பிடாதி ரசத்தை இறக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முனகுகிறாள் என்றாள். இன்னொருத்தி, அதுதான் போன வாரம் எல்லாருக்கும் வயிற்றுவலி என்றாள். மூன்றாவது ஒருத்தி, தன் முடி கொட்டுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாள். யாரும் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. அதுதான் சந்தனமாரிக்குத் தாங்கவில்லை. எல்லாரும் கண்ணை அகல விரித்து, உண்மையாகவே பயந்து, உண்மையாகவே கோபப்பட்டுச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் பாடம் அதே நாடகம்தான்; அத்தனை பேர் தலையணைக்குப் பக்கத்திலும் அதன் ஜெராக்ஸ். ஒருத்திக்காவது உறைக்க வேண்டுமே! ஜெபசெல்வி அதை மூடி வைத்துவிட்டு, "என்ன பிள்ளைகளோ, வாய்க்கு வந்ததச் சொல்லி ஆளத் தூக்குல போட்டுட்டாளுகளே" என்று அந்த நாடகத்துப் பெண்களைத் திட்டிவிட்டு, அடுத்த மூச்சில் முப்பிடாதியின் இடுப்புக்குப் போனாள்.

அறைக் கதவு திறந்து ஜெபசெல்வி வெளியே வந்தாள். முகம் கழுவின மாதிரி பளிச்சென்று இருந்தாள். மேடம் இவ்வளவு நேரமும் அவளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டி சொன்ன?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"பாத்ததத்தான் சொன்னேன்."

"நீ எங்கட்டி பாத்த? அந்தப் புதன்கெழம நீ காய்ச்சல்னு படுத்துல்லா கெடந்த?"

ஜெபசெல்விக்கு அது பிடிக்கவில்லை. "நீ எழுதுனதத்தான நானும் சொல்லுதேன்? மொதல்ல பாத்தது நீ. இப்ப என்ன திடீர்னு நல்லவளாட்டம் பேசுத?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம் ஒண்ணும் கோவப்படல. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. மெஸ் கான்ட்ராக்டர் நாளைக்கு வேற ஆள் போட்டுருவாராம். அதோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். "கொஞ்ச நேரம் இரு, கூப்பிடுதேன்" என்று உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது.

அதோட முடிஞ்சுது. யாருக்கு முடிஞ்சுது? பெஞ்சிலிருந்து பார்த்தால் வராந்தா வளைவுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி தெரியும். தொட்டிப் படியில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். விசாரணை முடிகிற வரை அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் காலையில் வந்து சாயங்காலம் வரை இருக்க வேண்டும், எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும். அதனால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அந்தத் தூக்குச்சட்டி. அதைத் தூரமாகவும் வைக்கவில்லை, மடியிலும் வைக்கவில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி படியின் நடுவில், மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்து வெறுமையாக வைத்திருந்தாள். அவள் இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்தால், மண்ணை வாரித் தூற்றினால், நீ விளங்குவியா என்று நாலு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும். அதையும் செய்ய மாட்டேன் என்கிறாள். விடுதியில் அடுப்படிக்காரர்கள் எல்லாருமே அக்காதான். சோறு போடுகிற அக்கா, பாத்திரம் கழுவுகிற அக்கா, குண்டு அக்கா, தண்ணி அக்கா. யாருக்கும் பெயர் கிடையாது. வந்த புதிதில், வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் அழுதுகொண்டு நின்றபோது ஓர் அக்கா வந்து தட்டில் கொஞ்சம் தயிரை ஊற்றி, "அழுதா சோறு உப்புக் கரிக்கும் பிள்ள, திங்க முடியாது" என்று சொன்னாள். உப்பளத் தொழிலாளியின் பெண்ணிடம் போய் உப்புக் கரிப்பதைப் பற்றிச் சொல்கிறாளே என்று அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சந்தனமாரி கேட்டாள், அக்கா உங்க பேரென்ன என்று. அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து, "முப்பிடாதி" என்றாள். "இங்க வந்து இம்புட்டு வருசத்துல ஒருத்தியும் கேட்டதில்ல பிள்ள" என்றாள். மற்றவர்கள் யாராவது அந்த முட்டை வாக்கியத்தை எழுதியிருந்தால் மெஸ் அக்கா என்று எழுதியிருப்பார்கள். எந்த மெஸ் அக்கா என்று யாருக்குத் தெரியும்? நாலு பேர் இருக்கிறார்கள். பேச்சு நாலு பேருக்கும் பொதுவாகப் போய்க் காற்றில் கலந்திருக்கும். பெயர் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தவள் எழுதினதால்தான் சரியாக ஓர் ஆள் மேல் போய் விழுந்தது. பாசமாகக் கேட்டு வாங்கின பெயரைக் கொண்டுபோய் மார்க்குக்கு விற்றுவிட்டாள். ச்சை.

ஆனால் நிஜமாகவே பார்க்கவில்லையா? இது ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக எல்லாரும் பேசப் பேச, கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருகிறது. அடுப்படிப் பின்வாசல், சாயங்கால வெளிச்சம், முப்பிடாதி குனிந்து தூக்குச்சட்டியில் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்குகிறாள், முட்டையை வைக்கிறாள், மறுபடி சோற்றால் மூடுகிறாள். முதல் நாள் முட்டை வெறும் முட்டையாக வந்தது. நேற்று வந்தபோது அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம் சுற்றியிருந்தது. இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது வந்தபோது காகிதத்தில் எழுத்துகூடத் தெரிந்தது. பார்க்காததற்கு எப்படி இவ்வளவு துல்லியம் வரும்? ஒருவேளை பார்த்திருப்பாளோ? பார்த்து மறந்து, மறந்தது வாக்கியமாக வந்துவிட்டதோ? ஹேமலதா மிஸ்ஸிடம் நேற்றே ஓடினாள், மிஸ் அது சும்மா எழுதினது, மேடத்திடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. மிஸ் முகம் வாடிவிட்டது. "நான் உண்மைன்னுதானே நினைச்சேன்? உங்க லைஃப்லேர்ந்து எழுதச் சொன்னேன். பாக்காமயா இவ்ளோ நேச்சுரலா எழுதின?" என்று கேட்டாள். நேச்சுரல்! நேச்சுரலாக எழுத வேண்டும் என்றுதானே எழுதினாள்? நாக்குத் தடுக்கி, உளறி, தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்கியம் ஒழுங்காக வந்தது, அது வந்த வேகத்தில் ஒரு ஆளைச் சாய்த்துவிட்டது. இல்லை, பார்க்கவில்லை. அடுப்படிப் பின்வாசலுக்குச் சந்தனமாரி ஒரு நாளும் போனதில்லை. அந்தப் பக்கம் நாய் கட்டியிருக்கிறது; அவளுக்கு நாய் என்றால் பயம். நினைப்பில் வருகிற காட்சியில் நாயே இல்லை. நாய் இல்லாத பின்வாசலை அவள் எங்கே பார்த்தாள்? மனசு தானே சமைத்துப் போட்ட காட்சி அது. இது பிடிபட்டதும் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று வந்தது. பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

அப்படியானால் உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதானே, பார்க்கவில்லை என்று? சொல்லலாம். சொன்னால் பொய் எழுதினவள் என்பார்கள். பொய் எழுதி ஒரு ஏழை வயிற்றில் அடித்தவளை விடுதியில் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அதுவும் கட்டணச் சலுகையில் தங்கியிருப்பவளை. விடுதி இல்லை என்றால் படிப்பும் இல்லை. அவளுடைய ஊரிலிருந்து காலையில் கிளம்புகிற முதல் பஸ் இந்த ஊருக்கு வந்து சேரும்போது கல்லூரியில் இரண்டு பீரியட் முடிந்திருக்கும். அப்பாவுக்குக் காலில் உப்பு அறுத்த புண் வருஷம் முழுக்க ஆறாது. அதோடு நின்றுகொண்டு அவளை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றைக்கு ரத்னாபாய் மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அவரிடம் போய், அப்பா, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதினேன், அதற்காக அனுப்பிவிட்டார்கள் என்றால் அவருக்கு என்ன புரியும்? அவளுக்கே புரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? ஆமாம் என்றால் ஒன்றும் ஆகாது. அவளுக்கு ஒன்றும் ஆகாது. கான்ட்ராக்டர் வேறு ஆள் போட்டுவிடுவார்; அந்த ஆளும் ஒரு அக்காவாக இருப்பாள். பரீட்சைக்குப் போகலாம். டெனௌன்ஸ். எல்லார் முன்னாலும்... எல்லார் முன்னாலும்... சனியன் பிடித்த வார்த்தை, இன்னும் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த வார்த்தைகளை எல்லாம் எதற்குப் படிக்கிறோம்? அந்தக் குளிர் ஊரில் எவளோ எவளையோ காட்டிக்கொடுத்ததற்கு இங்கே உப்புக்காற்றில் உட்கார்ந்து அர்த்தம் ஒப்பிக்கிறோம். அர்த்தம் சரியாக எழுதினால் மார்க். மார்க் வாங்கினவள் திரும்பி வந்து அதையே செய்கிறாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்த காசு அப்பாவுடையது. பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். என்ன ஆனாலும் சரி. மேடம் கெட்டவர்கள் இல்லை. காய்ச்சல் வந்தால் தன் அறையிலிருந்து கஞ்சி கொடுத்து அனுப்புகிறவர்கள். எடுத்துச் சொன்னால் புரியும்.

"சந்தனமாரி, வா மக்களே" என்று குரல் வந்தது.

மேடத்தின் மேஜையில் பைபிள் வசனக் காலண்டரும் கண்ணாடிக் கூடும் மூடி போட்ட தண்ணீர் டம்ளரும் இருந்தன. மேடம் பேனாவை எடுத்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, உட்காரச் சொன்னார்கள். உட்காருவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் சொல்ல வராமல் போய்விடும் என்று பயம்.

"மேடம், நான் பாக்கல மேடம்."

"எத?"

"முட்டைய. அவங்க எடுத்துட்டுப் போறத நான் பாக்கவே இல்ல. மிஸ் பேர் போட்டு எழுதச் சொன்னாங்க, சும்மா எழுதுனேன்."

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். "முப்பிடாதி உன்னட்ட வந்து பேசினாளா?"

"இல்ல மேடம்."

"அழுதாளா?"

"இல்ல மேடம். என்னத் திரும்பிக்கூடப் பாக்கல."

"நீ பெஞ்சில இருந்துட்டு அவளையே பாத்துட்டு இருந்தத நான் ஜன்னல் வழியா பாத்தேன் மக்களே. பயப்படாத. அவ உன்ன ஒண்ணும் செய்ய முடியாது."

"பயம் இல்ல மேடம். நெசமாவே நான் பாக்கல."

"பாக்காம எப்படி இவ்வளவு தெளிவா எழுதின? சோத்துக்கு அடியிலன்னு எழுதிருக்க. பாத்தவங்களுக்குத்தான அது தெரியும்?"

"அது சும்மா வந்துது மேடம்."

"அப்ப மிச்சப் பிள்ளைங்க சொன்னது? இவ்வளவு நேரமும் ஒவ்வொருத்தியா வந்து சொல்லிட்டுப் போனாளே, அவ்வளவு பேரும் பொய்யா?"

ஆமாம் என்றால் அத்தனை பேரையும் பொய்க்காரிகள் ஆக்க வேண்டும். இல்லை என்றால் முப்பிடாதி திருடி. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு நொடி தயங்கினதை மேடம் பிடித்துக்கொண்டார்கள். தலையை மெதுவாக ஆட்டினார்கள், பார்த்தாயா என்பது போல. "பாவம், நீ இரக்கப்பட்டு மறைக்குத. எனக்குப் புரியுது" என்றார்கள். பேனா இன்னும் தாளில் படவில்லை. இவ்வளவு நேரம் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அந்தத் தாளில் ஏறவில்லை என்று சந்தனமாரி அப்போதுதான் கவனித்தாள். இல்லை, பார்க்கவில்லை, செய்யவில்லை, இதெல்லாம் இந்த மேஜைக்கு வந்து சேரவே மாட்டேன் என்கிறது; எத்தனை தடவை சொன்னாலும் பாதி வழியில் அதுவே பயமாகவும் இரக்கமாகவும் முப்பிடாதியின் மிரட்டலாகவும் மாறிவிடுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் மறுத்தால் மிரட்டினதையும் சேர்த்து முப்பிடாதி தலையில் கட்டிவிடுவார்கள். தலைக்குள் ஏதோ கொதித்துப் பொங்கி வந்தது. அது தியாகம் ஒன்றும் இல்லை, கருணையும் இல்லை. வெறும் ஆத்திரம். சுவரில் போய் முட்டிக்கொள்கிறவனுக்கு வருமே, அந்த ஆத்திரம்.

"நான்தான் எடுத்தேன் மேடம்" என்றாள்.

"என்னது?"

"முட்டைய. நான்தான் எடுத்தேன். யாரும் என்ன சந்தேகப்படக் கூடாதுன்னு அவங்க பேரப் போட்டு எழுதுனேன்."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று. நடந்ததைவிட இது நன்றாக இருந்தது. எங்கேயும் ஓட்டை இல்லை. முட்டையை எப்போது எடுத்தாய், எப்படி அடுப்படிக்குள் போனாய், தினமும் பூட்டுகிற அலமாரிக்குச் சாவி ஏது என்று மேடம் கேட்பார்கள், அப்போது மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தாள். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எனக்கு மொதல்லயே மனசில தோணிச்சு" என்றார்கள். பேனா ஓட ஆரம்பித்தது. ஒரு வரி, இரண்டு வரி, கடகடவென்று எழுதினார்கள். எழுதிவிட்டு எழுந்து வந்து மூடியை எடுத்து டம்ளரை அவள் கையில் கொடுத்தார்கள். "குடி மக்களே. உண்மையச் சொல்லிட்டா மனசு லேசாயிரும். நல்ல பிள்ள நீ. எத்தன பேருக்கு இந்தத் தைரியம் வரும்?" என்று தோளைத் தட்டினார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "முப்பிடாதிய உள்ள போகச் சொல்லுங்க. ராத்திரி சப்பாத்தி, மாவு பெசையணும்" என்றார்கள்.

சந்தனமாரி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தாள். முப்பிடாதி எழுந்திருப்பாள், முந்தானையை உதறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா நாளைக்கோ மறுநாளோ அந்தக் காலோடு வந்து நிற்க வேண்டியிருக்கும், மறுபடியும் கையெடுத்துக் கும்பிட வேண்டியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

மேடம் மறுபடி உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். குரல் இன்னும் கனிவாகிவிட்டது. "அடுப்படிக்குள்ள தனியா போய் இவ்வளவு முட்டை எடுத்திருக்க முடியாது. நீ அப்படிப்பட்ட பிள்ளயும் இல்ல, யாரோ உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கா. அது யாருன்னு சொல்லு. ஒரே ஒரு பேரு. உன் சீட்டு போகாம நான் பாத்துக்கிடுதேன். அப்பாவையும் வரச் சொல்ல வேண்டாம்."

பேனா தாளில் அடுத்த வரியில் வந்து நின்றது.

"கூட யாரும் இல்ல மேடம்."

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். மேடம் பேனாவை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி கீழுதட்டை உள்ளே மடித்து, பல்லால் கடித்துக்கொண்டாள்.